வீக்கத்தோடு பல் எடுக்கலாமா? அவசரமாகப் பல் பிடுங்கும்போது என்ன நடக்கும்

பாம்பனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அண்ணன் விசைப்படகில் போகிறவர். இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் பல நாளாக வலி விட்டுவிட்டு வந்திருக்கிறது, மாத்திரை போட்டுச் சமாளித்திருக்கிறார். இப்போது கன்னம் வீங்கிவிட்டது, இரவில் தூக்கமில்லை. ஒரு டாக்டர் உடனே எடுக்க வேண்டும் என்கிறார், இன்னொருவர் வீக்கம் வற்றட்டும் என்று மாத்திரை எழுதியிருக்கிறார். சனிக்கிழமை கடலுக்குப் போக வேண்டும். ஊசி எப்படி இருக்கும், எவ்வளவு நேரமாகும், மறுநாளே படகேறலாமா என்பது கேள்வி. கூடவே, கடல்பாசி எடுக்கப் போகும் அம்மாவுக்கும் மேல் கடைவாய்ப் பல் ஒன்று வலிக்கிறதாம், எடுத்தால் கண் பார்வை போய்விடும் என்று பயந்து வர மறுக்கிறாராம்.

தம்பி, இந்தக் கடற்கரையில் பல ஆண்டுகளாகப் பல் மருத்துவம் பார்த்து வருகிறேன். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கால்மணி நேரத்துக்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். எனக்குக் கவலை அதற்கு முன்னால் வீக்கத்தோடு தள்ளிப்போடும் நாட்களும், எடுத்த பிறகு வரும் மூன்று நாட்களும்தான். ஆபத்தான நிலையில் வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டில் ஒன்றில்தான் கோட்டை விட்டிருக்கிறார்கள். அதனால் பதிலின் பெரும்பகுதி அதைப் பற்றியே இருக்கும்.

முதலில் அண்ணனை வெளிச்சத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். தாடைக்கு அடியில், கழுத்துப் பக்கம் வீக்கம் இறங்கியிருக்கிறதா? நாக்கின் அடிப்பகுதி தடித்து, நாக்கு மேலே தூக்கியது போல இருக்கிறதா? எச்சில் விழுங்க முடியாமல் வழிகிறதா? வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்கவில்லையா? பேச்சு குழறுகிறதா, மூச்சு விடக் கஷ்டமா, குளிர் காய்ச்சலா? மேல் பல் என்றால் வீக்கம் கண் இமை வரை ஏறிவிட்டதா? இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் பல் கிளினிக் தேட வேண்டாம், விடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். 108-ஐ அழைத்து நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பல்லின் சீழ் தாடைக்கு அடியில் இருக்கும் இடைவெளிகளில் இரண்டு பக்கமும் பரவினால் மூச்சுக்குழாயை அடைத்துவிடும். சில மணி நேரத்தில் நிலைமை மாறக்கூடிய விஷயம் இது. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு சுமார் 55 கிலோமீட்டர். அந்தத் தூரத்தையும் கணக்கில் வைத்துத்தான் நீங்கள் முடிவெடுக்க வேண்டும். ராமநாதபுரத்தில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அங்கிருந்து தேவைப்பட்டால் மதுரைக்கு அனுப்புவார்கள்.

அப்படி எதுவும் இல்லை, கன்னம் மட்டும்தான் வீங்கியிருக்கிறது, வாய் திறக்கிறது, காய்ச்சல் இல்லை என்றால் கொஞ்சம் நிதானமாக யோசிக்கலாம்.

இப்போது அந்த இரண்டு டாக்டர்கள் விஷயம். இருவரில் ஒருவர் தவறாகச் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். வீக்கம் இருந்தால் பல்லைத் தொடவே கூடாது என்பது நம் ஊரில் ஆழமாகப் பதிந்துபோன எண்ணம். அது முழு உண்மை இல்லை. சீழுக்குக் காரணமான பல்லை எடுத்துவிட்டால் சீழ் அந்த வழியாகவே வடிந்துவிடும். வாய் நன்றாகத் திறந்து, ஊசி மருந்து வேலை செய்தால், அன்றைக்கே எடுப்பதுதான் பெரும்பாலும் நல்லது. ஆனால் வாய் சரியாகத் திறக்காவிட்டால் கருவி உள்ளே போகாது. சீழ் பிடித்த இடத்தில் திசுவில் அமிலத்தன்மை கூடியிருப்பதால் மரத்துப்போகும் ஊசி சரியாகப் பிடிக்காது. அப்போது முதலில் சீழை வடித்துவிட்டு, இரண்டு மூன்று நாள் ஆன்டிபயாடிக் கொடுத்து, பிறகு எடுப்பார்கள். உங்கள் அண்ணனின் வாய் எவ்வளவு திறக்கிறது, வீக்கம் எங்கே இருக்கிறது என்று நேரில் பார்த்தவர்தான் இதைச் சொல்ல முடியும். இரண்டு பேரிடமும் "ஏன்?" என்று கேளுங்கள். தெளிவாகக் காரணம் சொல்பவரிடம் போங்கள்.

இங்கே ஒரு பெரிய கண்ணி இருக்கிறது. ஆன்டிபயாடிக் போட்ட இரண்டாம் நாளே வலி குறையும், மூன்றாம் நாள் வீக்கம் வற்றும். "சரியாகிவிட்டது" என்று அண்ணன் படகேறிவிடுவார். பல்லுக்குள் இருக்கும் நரம்பும் ரத்தக்குழாயும் ஏற்கெனவே செத்துப்போயிருக்கும். ரத்த ஓட்டமே இல்லாத அந்த இடத்துக்குள் மருந்து போய்ச் சேராது. வேரின் நுனியில் கிருமி அப்படியே இருக்கும். சில வாரமோ சில மாதமோ கழித்து மறுபடி வீங்கும். அது நடுக்கடலில் நடந்தால் என்ன செய்வீர்கள்? பல நாள் வலித்த பல் ஒருநாள் திடீரென்று வலிக்காமல் போவதும் இப்படித்தான், குணமானதால் இல்லை. அதனால் மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரிடம், பல் எடுக்க எந்தத் தேதிக்கு வர வேண்டும் என்று அன்றைக்கே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எடுத்தே ஆக வேண்டுமா என்றும் கேட்டுவிடுங்கள். பல்லின் மேற்பகுதி ஓரளவு நல்லபடியாக இருந்து, வேரைச் சுற்றி எலும்பு உறுதியாக இருந்தால், ரூட் கேனால் செய்து, அதாவது பல்லுக்குள் செத்த நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து அடைத்து, அந்தப் பல்லையே வைத்துக்கொள்ளலாம். சீழ் பிடித்த பல்லையும் அப்படிக் காப்பாற்றுவதுண்டு. அதற்கு இரண்டு மூன்று தடவை வர வேண்டும், செலவு கூடும், கடைசியில் மேலே கேப் போட வேண்டும். கடைவாய்ப் பல் சோறு மெல்லும் பல். எடுத்துவிட்டால் பக்கத்துப் பல் அந்த இடைவெளிக்குள் சாயும், எதிர்ப் பல் கீழே இறங்கும். காப்பாற்ற வழியிருந்தால் காப்பாற்றுவதுதான் என் விருப்பம். ஆனால் ஈறுக்குக் கீழே வரை பிளந்துபோன பல், வேர் மட்டும் மிஞ்சிய பல், நன்றாக ஆடிவிட்ட பல் ஆகியவற்றுக்கு ரூட் கேனால் செய்வது பணத்தைக் கரைப்பது. வலை கட்டும்போது நைலான் நூலைப் பல்லால் கடித்து அறுக்கிற பழக்கம் உள்ளவர்களுக்குப் பல் நெடுக்காகப் பிளந்திருப்பதும் உண்டு. அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

எடுப்பது என்று முடிவானால், போவதற்கு முன் வீட்டில் இருக்கிற மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் தெரிய வேண்டியதில்லை, அட்டையைக் காட்டினால் போதும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பல் எடுக்கப் போகிறோமே என்று தாங்களாக நிறுத்தக் கூடாது. ஈகோஸ்பிரின், குளோபிடோக்ரல் மாதிரியானவற்றைப் பெரும்பாலும் நிறுத்தாமலே பல் எடுத்துவிடலாம், கொஞ்சம் அதிக நேரம் அழுத்திப் பிடித்தால் ரத்தம் நிற்கும். நிறுத்தினால் மாரடைப்போ பக்கவாதமோ வரும் ஆபத்து, பல் குழியில் கசியும் ரத்தத்தைவிடப் பல மடங்கு பெரியது. வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுகிறவர்கள், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனை செய்து முடிவைக் கொண்டுவர வேண்டும்.

சர்க்கரை உள்ளவர்கள் வெறும் வயிற்றில் போகவே கூடாது. காலையில் சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையையோ இன்சுலினையோ எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். உண்மையில் இது எல்லோருக்குமே பொருந்தும். மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு எடுப்பதற்குப் பட்டினி தேவையில்லை. நாற்காலியில் மயங்கி விழுகிறவர்களில் பாதிப்பேர் பயத்தில் சாப்பிடாமல் வந்தவர்கள்தான். இதய வால்வு மாற்றியவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அவர்களுக்குப் பல் எடுப்பதற்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்பு ஒரு வேளை ஆன்டிபயாடிக் கொடுப்பது வழக்கம். பென்சிலின் அலர்ஜி, கர்ப்பம், தாய்ப்பால், எலும்புத் தேய்மானத்துக்குப் போடும் அலெண்ட்ரோனேட் மாத்திரை அல்லது ஜோலெட்ரோனிக் ஆசிட் ஊசி, தலை கழுத்துப் பகுதியில் எப்போதோ கொடுத்த ரேடியேஷன், எதையும் மறைக்க வேண்டாம். எலும்புத் தேய்மான மருந்து, ரேடியேஷன் இரண்டில் ஒன்று இருந்தாலும் பல் எடுத்த குழி ஆறாமல் தாடை எலும்பே அழுகும் வாய்ப்பு இருக்கிறது. பத்து வருடத்துக்கு முன் வாய்ப் புற்றுநோய்க்குக் கரண்ட் வைத்தவர் அதைச் சொல்லாமல் பல் எடுத்துக்கொண்டால் வருகிற துன்பம் சாதாரணமானது இல்லை.

வலி தாங்காமல் குவார்ட்டர் அடித்துவிட்டு வருகிறவர்களையும் பார்க்கிறேன். வேண்டாம். ரத்தம் நிற்கத் தாமதமாகும், நாங்கள் கொடுக்கும் மருந்தோடு மோதும். பல்லில் ஆஸ்பிரின் மாத்திரையை வைத்து அழுத்துவது, பெட்ரோல் நனைத்த பஞ்சு வைப்பது, கிராம்புத் தைலத்தை ஈறெல்லாம் தடவுவது எல்லாம் ஈறை வேகவைத்துவிடும். வீங்கிய கன்னத்துக்கு வெளியே சுடு ஒத்தடம் கொடுக்காதீர்கள். சீழ் வாய்க்குள் உடைவதற்குப் பதில் கன்னத்தைத் துளைத்து வெளியே உடையக்கூடும், அந்தத் தழும்பு முகத்தில் நின்றுவிடும். டாக்டரைப் பார்க்கும் வரை பாராசிட்டமால் போடலாம். பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு 500 முதல் 1000 மி.கி., நாளுக்கு மொத்தம் 4 கிராமுக்கு மேல் போகக் கூடாது. வயிற்றுப் புண்ணோ சிறுநீரகக் கோளாறோ இல்லாதவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு ஐபுபுரோஃபென் 400 மி.கி. சேர்த்துக்கொள்ளலாம்.

சரி, நாற்காலிக்கு வருவோம். முதலில் ஒரு சின்ன எக்ஸ்ரே எடுப்பார்கள். வேர் வளைந்திருக்கிறதா, கீழ்த்தாடை நரம்புக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, மேல் பல் என்றால் மூக்குக்குப் பக்கத்தில் கன்ன எலும்புக்குள் இருக்கும் சைனஸ் காற்றறைக்குள் வேர் நீட்டியிருக்கிறதா என்று அதில் தெரியும். எக்ஸ்ரே இல்லாமல் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க முன்வருகிற இடத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். கருவிகளைச் சீல் வைத்த பையிலிருந்து உங்கள் கண் முன்னால் பிரிக்கிறார்களா என்று பாருங்கள். ஆட்டோகிளேவில் வைத்துக் கிருமி நீக்கிய கருவிகள் அப்படித்தான் வரும். திருவிழாக் கூட்டத்தில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பல் எடுக்கிறவர்களிடம் போகவே வேண்டாம். ஹெபடைடிஸ் பி அப்படித்தான் கைமாறும்.

ஊசி போடும் இடத்தில் முதலில் ஜெல்லோ ஸ்பிரேயோ அடிப்பார்கள். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு வாயின் பின் மூலையில், தாடை நரம்பு உள்ளே நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் போடுவார்கள். குத்தும்போது சுருக்கென்று இருக்கும், பிறகு மருந்து இறங்கும்போது ஒரு கனம் தெரியும். மருந்து பெரும்பாலும் லிக்னோகைன், அதோடு கொஞ்சம் அட்ரினலின் சேர்த்திருப்பார்கள். அந்த அட்ரினலினால் ஓரிரு நிமிடம் நெஞ்சு படபடக்கலாம், கை நடுங்கலாம், பயப்பட வேண்டாம், தானாக அடங்கிவிடும். ஐந்து நிமிடத்துக்குள் அந்தப் பக்க உதடும் நாக்கும் தடித்தது போல மரத்துப்போகும். உதடு மரக்கவில்லை என்றால் தாராளமாகச் சொல்லுங்கள், இன்னொரு ஊசி போடுவார்கள். வலியைப் பொறுத்துக்கொள்வதில் வீரம் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. நடுக்கடலில் கையில் தூண்டில் முள் ஏறினால் பிடுங்கி எறிந்துவிட்டு வேலை பார்க்கிற ஆட்கள் இங்கே வந்து வாயைத் திறக்காமல் வலியைத் தாங்கிக்கொள்வதைப் பார்க்க எனக்கு வேதனையாக இருக்கும்.

ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு போனால் பாதிப் பயம் போய்விடும். மருந்து வலியை நிறுத்தும், அழுத்தத்தை நிறுத்தாது. டாக்டர் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் நெம்பும் கருவியை விட்டு மெல்லத் தளர்த்துவார். தாடையைப் பிடித்து அமுக்குவது, பல் அசைவது எல்லாம் தெரியும். எலும்பு வழியாகக் காதுக்குள் சத்தம் கேட்கும், சில சமயம் மடக்கென்று உடையும் சத்தம்கூட. அது தாடை உடைகிற சத்தம் இல்லை. பல்லைச் சுற்றியிருக்கும் எலும்புக் கூடு கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து, பல் தளர்ந்த பிறகுதான் குறடு போட்டு எடுப்பார்கள். நேராக இழுப்பது என்பது கடைசி நொடி மட்டும்தான். குத்துகிற, கூர்மையான வலி வந்தால் இடது கையைத் தூக்கிக் காட்டுங்கள் என்று முன்பே சொல்லியிருப்பார். தூக்கினால் நிறுத்துவார்.

சாதாரணமாகப் பத்து இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். பல் நொறுங்கிப்போயிருந்தாலோ வேர் கொக்கி மாதிரி வளைந்திருந்தாலோ ஈறைக் கொஞ்சம் கீறி, பல்லை இரண்டு மூன்றாக அறுத்து எடுப்பார்கள். அப்போது முக்கால் மணி, ஒரு மணி நேரம்கூட ஆகும், தையல் போடுவார்கள். எடுக்கும்போது வேர் உடைந்தது என்றால் டாக்டர் தவறு செய்துவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். பழைய பல்லில் வேர் உடைவது சகஜம். நரம்புக்கு மிக நெருக்கமாக ஒரு சின்னத் துண்டு மாட்டியிருந்தால், நரம்பைக் காப்பாற்ற அதை அப்படியே விட்டுவைப்பதும் உண்டு. அப்படி விட்டால் அதை உங்களிடம் சொல்லிச் சீட்டிலும் எழுத வேண்டும்.

எடுத்த குழியில் பஞ்சுத்துணி வைத்துக் கடித்துக்கொள்ளச் சொல்வார்கள். முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம், பேசாமல், விடாமல் கடிக்க வேண்டும். அந்த நேரத்தில் குழியில் ரத்தம் உறைந்து கட்டியாகும். இனிமேல் உங்கள் அண்ணன் காப்பாற்ற வேண்டியது அந்த ரத்தக் கட்டி ஒன்றைத்தான். கீழே இருக்கும் எலும்பையும் நரம்பு முனைகளையும் அதுதான் மூடிக் காக்கிறது. புதுச் சதை அதிலிருந்துதான் வளர வேண்டும். அது பிடுங்கிக்கொண்டு போய்விட்டால் எலும்பு திறந்து கிடக்கும். பொதுவாக இரண்டாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் நடுவில், குறைந்துகொண்டிருந்த வலி திடீரென்று ஏறி, காது வரை தெறிக்கும், வாயில் கெட்ட நாற்றம் வரும். இதை டிரை சாக்கெட் என்பார்கள். கீழ்க் கடைவாய்ப் பல்லில், அதிலும் புகை பிடிக்கிறவர்களுக்கு அதிகம் வரும். வந்தால் வலி மாத்திரை மட்டும் போதாது. டாக்டரிடம் போய்க் குழியைக் கழுவி மருந்து வைத்துக்கொள்ள வேண்டும், வைத்த சில மணி நேரத்தில் நிம்மதி கிடைக்கும்.

அதனால் முதல் நாள் துப்பவே கூடாது. எச்சிலில் ரத்தம் கலந்து வாய் நிறைய ரத்தம் போலத் தெரியும், பதறாமல் விழுங்கிவிடுங்கள். 24 மணி நேரத்துக்குக் கொப்பளிக்கக் கூடாது. ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிக்கக் கூடாது, உறிஞ்சும் வேகத்தில் கட்டி பெயரும். பீடி, சிகரெட்டைக் குறைந்தது மூன்று நாள் தொடக் கூடாது, ஒரு வாரம் என்றால் இன்னும் நல்லது. வெற்றிலை, பாக்கு, புகையிலை, வாயில் ஒதுக்கும் ஹான்ஸ் எதுவும் அந்தப் பக்கம் போகவே கூடாது. இதைச் சொன்னால் "மறுபக்கம் ஒதுக்கிக்கொள்கிறேன் டாக்டர்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எச்சில் இரண்டு பக்கமும் போகும், துப்பவும் வேண்டியிருக்கும். கொஞ்ச நாளைக்கு விட்டே ஆக வேண்டும்.

மரப்பு இரண்டிலிருந்து நாலு மணி நேரம் இருக்கும். அது விடுவதற்கு முன்பே முதல் வலி மாத்திரையைப் போட்டுவிட்டால் வலி உச்சத்துக்குப் போகாது. மரத்த உதட்டைத் தெரியாமல் கடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று இரவு இரண்டு தலையணை வைத்துத் தலை உயரமாகப் படுக்கட்டும். வீக்கத்துக்குக் கன்னத்தின் வெளியே துணியில் சுற்றிய ஐஸை, பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து எடுத்து, இடைவெளி விட்டு மறுபடி வைக்கலாம். ஐஸுக்கு உங்களூரில் பஞ்சமில்லை. ஆனால் மீன் பெட்டி ஐஸை வாய்க்குள் போட்டுவிடக் கூடாது. மெட்ரோனிடசோல் மாத்திரை எழுதியிருந்தால் அது முடிந்து இரண்டு நாள் வரை மது கூடவே கூடாது, குடித்தால் வாந்தியும் படபடப்பும் பிடித்துக்கொள்ளும்.

சாப்பாடு ஆறியதாக, மென்மையாக இருக்கட்டும். ஆறிய கஞ்சி, குழைத்த ரசம் சாதம், பாலில் ஊறிய இட்லி, மோர். பனங்காய் வெட்டும் காலமாக இருந்தால் நுங்கைவிட நல்ல சாப்பாடு வேறில்லை, குளிர்ச்சி, மெல்லவே வேண்டாம். மீன் சாப்பிடலாம், முள் எடுத்துப் பிசைந்து, காரம் இல்லாமல், மறுபக்கமாக. கருவாடு, முறுக்கு, பொரித்த நண்டு எல்லாம் ஒரு வாரம் கழித்துப் பார்க்கலாம்.

அடுத்த நாளிலிருந்து, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு, சாப்பிட்ட பிறகெல்லாம் மெதுவாக வாயில் வைத்துச் சாய்த்து ஊற்றிவிட வேண்டும். கடல் தண்ணீரில் கொப்பளித்தால் புண் சீக்கிரம் ஆறும் என்று கரையில் சொல்வார்கள், அதைச் செய்யாதீர்கள். கடல் நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. நான் சொன்ன அளவைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு, பச்சைப் புண்ணை எரித்துவிடும். படகுத்துறை ஓரத்துத் தண்ணீரில் டீசலும் மீன் கழிவும் இருப்பது உங்களுக்கே தெரியும்.

எது சாதாரணம், எது இல்லை? இரண்டாம், மூன்றாம் நாள் வரை வீக்கம் கூடுவது சாதாரணம். வாய் திறக்க இறுக்கமாக இருப்பதும், குழியில் வெள்ளையாக, மஞ்சளாக ஒரு படலம் தெரிவதும் அப்படியே. அதைச் சீழ் என்று நினைத்துக் குச்சியால் சுரண்ட வேண்டாம், ஆறுகிற புண்ணின் படலம் அது. ரத்தம் திரும்பக் கசிந்தால் நிமிர்ந்து உட்கார்ந்து, சுத்தமான பஞ்சுத்துணியை நனைத்து மடித்துக் குழியின் மேல் வைத்து அரைமணி நேரம் அழுத்திக் கடிக்க வேண்டும். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. இரண்டு தடவை இப்படிச் செய்தும் வாய் நிறைய ரத்தம் வந்தால் ஆஸ்பத்திரி. மூன்று நாளுக்குப் பிறகு வீக்கம் கூடினாலும், காய்ச்சல் வந்தாலும், விழுங்க முடியாவிட்டாலும், மறுநாள் ஆகியும் உதடு மரப்பு விடாவிட்டாலும் உடனே காட்ட வேண்டும். இரவில் பெரும்பாலான இடங்களில் பல் டாக்டர் இருக்க மாட்டார். அவசரப் பிரிவில் ரத்தத்தை நிறுத்தி மருந்து கொடுத்து, காலை ஓ.பி.க்கு அனுப்புவார்கள். அதனால் எடுப்பதைக் காலையிலேயே வைத்துக்கொள்வது நல்லது. மாலையில் எடுத்துவிட்டு ராத்திரி பாலத்தைத் தாண்டி ஓட வேண்டி வராது.

இப்போது சனிக்கிழமை. புதன்கிழமை எடுத்தால் சனிக்கிழமை மூன்றாம் நாள், வீக்கம் உச்சத்தில் இருக்கும் நேரம், டிரை சாக்கெட் வரக்கூடிய நேரம். வலை இழுக்கும்போது மூச்சைப் பிடித்துத் தம் கட்டினால் ரத்த அழுத்தம் ஏறும், கசிவு மறுபடி ஆரம்பிக்கும். படகில் ரத்தம் வந்தால் அண்ணன் கரைக்கு வர எத்தனை மணி நேரம் என்பது எனக்கு உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்க முடியாது. ஒரு சுற்று விடட்டும். டிரைவரிடம் பேசி வேறு ஆளை அனுப்பச் சொல்லுங்கள். ஒரு தங்கல் கூலி போவது வீட்டுக்குப் பெரிய இழப்பு என்று தெரிந்தேதான் சொல்கிறேன். தையல் போட்டுக் கடினமாக எடுத்திருந்தால் ஒரு வாரம். பல நாள் தங்குகடலுக்குப் போகிறவர் என்றால் தையல் பிரித்து டாக்டர் பார்த்த பிறகுதான். வீங்கிய கன்னத்தோடு, பல்லை எடுக்காமலே சனிக்கிழமை போவது இவை எல்லாவற்றையும்விட மோசம்.

அம்மா விஷயம். மேல் பல்லுக்கும் கண் பார்வைக்கும் தொடர்பு கிடையாது. மேல் பற்களுக்கு வரும் நரம்பு முகத்தின் தொடு உணர்ச்சிக்கான நரம்பின் ஒரு கிளை. பார்வை நரம்பு விழிக்குப் பின்னாலிருந்து மூளைக்குத் தனியாகப் போகிறது. பல் எடுக்கிற வயதில்தான் கண்புரையும் வெள்ளெழுத்தும் வருகின்றன, பழி பல்லுக்குப் போய்விடுகிறது. ஊசி மருந்து பரவி அரிதாகச் சிலருக்குக் கொஞ்ச நேரம் பார்வை இரட்டையாகத் தெரிவதுண்டு, மரப்பு விடும்போது அதுவும் போய்விடும். கண்ணுக்கு உண்மையில் ஆபத்து, மேல் பல்லின் சீழை எடுக்காமல் விட்டு அது கண்குழி வரை ஏறுவதுதான். இதை அம்மாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள், அதட்ட வேண்டாம். முடிந்தால் அக்கம்பக்கத்தில் மேல் பல் எடுத்து நன்றாக இருக்கிற ஒரு அக்காவைப் பேச வையுங்கள்.

ஆனால் அம்மாவுக்கு வேறொரு எச்சரிக்கை இருக்கிறது, அண்ணனுக்கு இல்லாதது. மேல் கடைவாய்ப் பல்லின் வேருக்கு மேலேயே சைனஸ் அறை இருக்கிறது. நடுவில் இருக்கும் எலும்பு சிலருக்கு முட்டை ஓடு அளவுதான். பல்லோடு அது வந்துவிட்டால் வாய்க்கும் மூக்குக்கும் ஒரு வழி திறந்துவிடும், தண்ணீர் குடித்தால் மூக்கில் வரும். சின்ன வழி என்றால் தானாக மூடிக்கொள்ளும். ஆனால் இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். கடலுக்குள் மூழ்கும்போது காதடைப்பை விடுவிக்க மூக்கைப் பிடித்து ஊதுகிறோமே, கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தால் மூக்கால் ஊதி வெளியேற்றுகிறோமே, மூடி வருகிற அந்த வழியை மறுபடி திறந்துவிட அதைவிடப் பலமான அழுத்தம் தேவையில்லை. அதனால் சிக்கல் இல்லாமல் எடுத்திருந்தாலும் குறைந்தது பத்து நாள் பாசிக்கு மூழ்கக் கூடாது. சைனஸ் திறந்தது என்று டாக்டர் சொன்னால், அவர் திரும்பப் பார்த்து மூடிவிட்டது என்று சொல்லும் வரை, ஒரு மாதமானாலும் தண்ணீருக்குள் தலை போகக் கூடாது. பல் எடுக்கப் போகும்போது "நான் பாசி எடுக்க மூழ்குகிறவள்" என்று அம்மாவே சொல்ல வேண்டும், கேட்காமல் எங்களுக்குத் தெரியாது. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் சங்கு குளிக்கிற தம்பிமார்களுக்கும் இதே பேச்சுதான். அவர்களுக்கு இன்னும் கடுமையாக, ஏனென்றால் பத்து மீட்டர் இறங்கினால் உடம்பின் மேல் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல இரண்டு மடங்காகிறது. மூழ்கும்போது மட்டும் ஒரு பல் வலிக்கிறது, மேலே வந்தால் விட்டுவிடுகிறது என்றால் அந்தப் பல்லுக்குள் சொத்தையோ ஓட்டையோ இருக்கக்கூடும். வீங்குவதற்கு முன்பே காட்டிவிட்டால் அடைத்துக் காப்பாற்றிவிடலாம்.

குழியின் மேல் ஈறு இரண்டு மூன்று வாரத்தில் மூடும், உள்ளே எலும்பு நிறைய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். புதுப் பல் கட்டுவது, இம்ப்ளான்ட் வைப்பது பற்றியெல்லாம் அதற்குப் பிறகு பேசலாம். அண்ணனுக்கு மற்ற பற்களிலும் சொத்தை இருக்கும் என்றே நினைக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகு கரையில்தான் நிற்கும். ரூட் கேனாலுக்கு வேண்டிய இரண்டு மூன்று தடவையும் அதற்குள் அடங்கிவிடும், தடைக்காலம் தொடங்கும்போதே தேதி வாங்கிவிடுங்கள். அதுவரை காத்திருக்கக் கூடாதது இந்த வீங்கிய பல் ஒன்றுதான், நாளைக் காலை ஓ.பி.க்கு அழைத்துப் போங்கள். மாத்திரை அட்டைகளை மறக்க வேண்டாம். சாப்பிட வைத்து அழைத்துப் போங்கள்.